அசையாச் சொத்து

நான் ஆபீசரான வருடம் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் முடிந்தும் முடியாத மாதிரியே இருந்தது. வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்தைக் கழற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

நெய்வேலிச் சுரங்க அலுவலகத்தில் ஸ்டெனோவாகச் சேர்ந்தவள் நான். டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்த தொண்ணூறுகள் வரைக்கும் அடுத்தவர் சொன்னதையே அடித்துக்கொண்டிருந்தேன். பரீட்சை எழுதி, இன்டர்வியூவில் பதில் சொல்லி, நிர்வாகப் பிரிவில் அதிகாரி என்று உத்தரவு கைக்கு வந்தபோது அதையும் பழக்க தோஷத்தில் எழுத்துப்பிழை பார்த்துத்தான் படித்தேன். பிழை இல்லை. என் பெயர்தான்.

என் கணவர் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். ஷிப்ட் முடிந்து வந்து உத்தரவை வாங்கிப் படித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வந்தார்.

"இன்னையில இருந்து நீ நிர்வாகம், நான் தொழிலாளி. இனிமே வீட்டுல சண்டை கிடையாது, பேச்சுவார்த்தைதான்" என்றார்.

ஜனவரி பிறந்ததும் ஒரு சுற்றறிக்கை வந்தது. அதிகாரிகள் ஒவ்வொருவரும் தன் பெயரிலும் குடும்பத்தார் பெயரிலும் இருக்கிற சொத்து விவரத்தை மாத முடிவுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அரசாங்க நிறுவனம் என்பதால் இது எங்கள் எல்லோருக்கும் கட்டாயம். பழைய ஆபீசர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. "போன வருஷம் மாதிரியேன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க, முடிஞ்சுது" என்றார்கள். எனக்குப் போன வருஷம் என்று ஒன்று இல்லையே. நான் முதலிலிருந்து எழுத வேண்டும்.

படிவத்தை வீட்டுக்கு எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். யாரோ ஆண் அதிகாரிகளை மட்டும் நினைத்து அச்சடித்திருந்தார்கள். 'மனைவியின் பெயர்' என்று இருந்ததை அடித்துவிட்டுக் 'கணவர்' என்று எழுதினேன். அவர் பக்கத்தில் வந்து நின்று, "நல்லா அழுத்தி எழுது" என்றார்.

அசையும் சொத்துப் பக்கம் வந்ததும் என் மகள் தானாகவே கணக்கெடுப்பு அதிகாரியாகிவிட்டாள். எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குவார்ட்டர்ஸை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஃப்ரிட்ஜ், டி.வி., அப்பாவின் டி.வி.எஸ். ஐம்பது, அம்மாவின் சங்கிலி. சமையலறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அம்மா, மாவரைக்கிற கிரைண்டர் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?"

"அசையும் சொத்துதாண்டி."

"எங்கம்மா அசையுது? வாங்கினதுல இருந்து நம்ம மூணு பேராலயும் அசைக்க முடியலையே!"

அவர் சிரித்த சிரிப்பில் படிவத்தின்மேல் டீ சிந்தியது. மறுநாள் இன்னொரு படிவம் வாங்க வேண்டியதாயிற்று.

அசையாச் சொத்துப் பக்கம் சுலபமாக முடிந்தது. எங்களுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. இருக்கிற வீடு கம்பெனியுடையது. அந்தப் பக்கம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு இழுத்து 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து பர்சனல் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். இந்தப் படிவங்களையெல்லாம் பார்க்கிறவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சட்டம் படித்தவர். நெற்றியில் எப்போதும் திருநீறு. படிவத்தை ஒரு கதை மாதிரி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிற மனிதர்.

"உக்காருங்க மேடம். வருஷா வருஷம் சித்திரை மாசம் ஆனா எங்க செக்‌ஷனுக்கு ஒரு பலாப்பழம் கொண்டாந்து தருவீங்கல்லா?"

"ஆமாங்க சார்."

"கொடுக்கும்போது என்ன சொல்லுவீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எங்க அப்பா கொல்லைப் பழம், சாப்பிடுங்கன்னு சொல்லுவேன்."

"அப்ப அந்தக் கொல்லை எங்க?" என்று நான் கோடு இழுத்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

எங்கள் ஊர் காடாம்புலியூர். அங்கே எங்கள் அப்பாவுக்கு முந்திரித் தோப்பு உண்டு, எங்கள் பக்கம் அதைக் கொல்லை என்போம். வேலியோரம் பலா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். அதைச் சொன்னேன்.

"உயில் இருக்கா?"

"இல்லீங்க."

"நீங்களும் அண்ணனும் ரெண்டே பேர்தானா?"

"ஆமாம்."

"நீங்க கிறிஸ்டியன். உங்க வாரிசுச் சட்டத்துல மகன், மகள்னு வித்தியாசமே கிடையாது மேடம். அப்பாவும் அம்மாவும் கண்ணை மூடினதுமே பாதி உங்களுக்கு வந்தாச்சு. இருக்கதை இல்லைன்னு எழுதப்படாதுல்லா? சர்வே நம்பர், பரப்பளவு, 'பிரிக்கப்படாத பங்கு' — இவ்வளவுதான் வேணும்."

"ஐயோ சார், பங்குன்னு வாயெடுத்தா அண்ணன் என்ன நினைப்பாரு?"

"நான் பங்கு கேக்கச் சொல்லலியே. எழுதத்தானே சொல்லுதேன்" என்று படிவத்தை என் பக்கம் தள்ளினார். சிரித்தார். "மாச முடிவுக்குள்ள கொண்டாங்க."

அன்றைக்குச் சாயங்காலம் என் கணவரிடம் சொன்னபோது அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "அப்படின்னா நான் இத்தனை வருஷமா ஒரு மிராசுதாரியோடயா குடும்பம் நடத்துறேன்?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தெரியாது. பெண்ணுக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுப்பார்கள், தீபாவளி பொங்கல் மாதிரி எங்களுக்குக் கிறிஸ்துமஸ் ஈஸ்டருக்குத் துணி எடுப்பார்கள். கொல்லை ஆம்பிளைப் பிள்ளைக்கு. இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, மூச்சு விடுவது மாதிரி தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் டி.வி.எஸ்.ஸில் கிளம்பினோம். முத்தாண்டிக்குப்பம் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் முந்திரி பூவெடுத்திருந்தது. அந்த வாசனை வந்தாலே எனக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி இருக்கும். அன்றைக்கு மட்டும் பரீட்சைக்குப் போகிற மாதிரி இருந்தது.

அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா பாப்பா, வாங்க மாப்ள" என்று டி.வி.எஸ்.ஸைப் பிடித்து நிறுத்தினார். அண்ணி கோழி அடித்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவி வந்து உட்கார்ந்த பிறகு, கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து, நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

அண்ணன் முகம் மாறிவிட்டது.

"இன்னா பாப்பா, பங்கு கேக்க வந்தியா?"

"இல்லண்ணே. எழுதணும். அதுக்கு சர்வே நம்பர்."

"உனக்கு நான் இன்னா கொறை வெச்சேன்? உன் கண்ணாலத்துக்கு ஜோடி மாட்ட வித்தேனா இல்லியா? சீர் செஞ்சாச்சு, நக போட்டாச்சு. அதோட முடிஞ்சுது. பொறந்த பொண்ணு திரும்பி வந்து கொல்லையில பங்குன்னு எழுதினா ஊரு சிரிக்காதா?" அவர் என் கணவரைப் பார்த்தார். "இன்னா மாப்ள, நீங்களாவது சொல்லக் கூடாதா?"

"மச்சான், நான் வண்டி ஓட்டிக்கினு வந்தவன். எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் பல்குச்சியைத் தேட ஆரம்பித்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து சமையலறைக்குப் போனேன். அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து பாத்திரத்தை ஒழித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமலே மெதுவாகக் கேட்டார்.

"பாப்பா, அந்தச் சட்டம் ஆபீசருங்களுக்கு மட்டும்தானா?"

"இல்ல அண்ணி. எழுதணுங்கறதுதான் ஆபீசருக்கு. பங்கு எல்லாப் பொண்ணுங்களுக்கும்."

"எல்லாப் பொண்ணுங்களுக்கும்னா?"

"உங்களுக்கும்தான்."

அண்ணி பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய பிறந்த வீடு முத்தாண்டிக்குப்பம். அவருக்கும் அப்பா அம்மா இல்லை. முந்திரிக் கொல்லையோடு பம்புசெட் நிலமும் உண்டு. எல்லாம் அவருடைய அண்ணன் கையில்.

கூடத்துக்குத் திரும்பி வந்தபோது அண்ணன் டிரங்குப் பெட்டியைத் திறந்து பட்டா நகலை எடுத்து வைத்திருந்தார். கோபம் போகவில்லை. ஆனால் என் கண்ணைப் பார்த்துவிட்டார். சின்ன வயதிலிருந்தே நான் அழுதால் அவரால் தாங்க முடியாது.

"எழுதிக்க. நீ எழுதிட்டதால கொல்லை எழுந்து நெய்வேலிக்கு நடந்தா வந்துடப் போவுது?"

எழுதிக்கொண்டேன். தாக்கல் செய்தேன். பர்சனல்காரர் படித்துவிட்டுத் தலையாட்டினார். என் வரைக்கும் விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

தவக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி என்னைக் கூப்பிட்டார். வெளியே அண்ணி நின்றிருந்தார். நல்ல புடவை, தலை நிறையப் பூ, கையில் ஒரு மஞ்சள் பை. காடாம்புலியூரிலிருந்து தனியாக பஸ் ஏறி அவர் எங்கும் போனதே இல்லை.

"என்ன அண்ணி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. அந்தத் திருநீறு போட்ட சாரைப் பாக்கணும்."

அழைத்துக்கொண்டு போனேன். அண்ணி நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கேட்டார். "சாருங்க, நான் ஆபீசர் இல்லீங்க. அஞ்சாவதுதான் படிச்சேன். எனக்கும் உண்டுங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். உயில் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகள், யார் பெயரில் பட்டா என்று என்னிடம் கேட்ட அதே கேள்விகளை அதே மரியாதையோடு கேட்டார். "உண்டும்மா. உங்க அண்ணனுக்கு எவ்வளவோ, உங்களுக்கும் அவ்வளவு" என்றார்.

அண்ணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெளியே வந்ததும் வாகை மரத்தடியில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி சிரித்தார். கேன்டீனுக்குக் கூட்டிப்போய் வடை வாங்கிக் கொடுத்தேன். வடையைப் பிட்டுக்கொண்டே, "ஞாயித்துக்கெழம முத்தாண்டிக்குப்பம் போறேன். நீ வா. நீ வந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்" என்றார்.

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவரா? மொதல்ல எகிறினாரு. அப்பறம் எங்க அப்பாரு பம்புசெட்டு எவ்ளோ தண்ணி எறைக்கும்னு ரெண்டு நாளா யோசிச்சிக்கினு கெடக்காரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் என் கணவரும் அண்ணன் அண்ணியோடு பஸ் ஏறிப் போனோம். அண்ணியின் அண்ணன் உயரமான ஆள், குரலும் பெரிய குரல். கோயில் திருவிழாவில் மைக் இல்லாமலே அறிவிப்புச் செய்வார். வரவேற்பு பலமாக இருந்தது. மோர் வந்தது. அவர் மனைவி, "என்னா எல்லாரும் சேந்து வந்திருக்கீங்க, எதுனா விசேஷமா?" என்று கேட்டார்.

அண்ணி மோரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "அண்ணே, அப்பாரு கொல்லையில எனக்கும் பங்கு இருக்குதாம். சட்டத்துல இருக்குதாம். நெய்வேலியில பெரிய சார் சொன்னாரு. நான் சண்ட போட வரல. கேக்க வந்தேன்."

அண்ணியின் அண்ணன் தங்கையைப் பார்க்கவில்லை. நேராக என் அண்ணனைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள இது? என் தங்கச்சிக்கு இன்னா கொறை வெச்சோம்னு நீயே சொல்லு. சீர் செஞ்சாச்சு, நக போட்டாச்சு. அதோட முடிஞ்சுது. பொறந்த பொண்ணு திரும்பி வந்து பங்கு கேட்டா ஊரு சிரிக்காதா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

என் அண்ணன் விருட்டென்று எழுந்தார். "சீர் வேற, சட்டம் வேற மச்சான்! நீ ஆசப்பட்டு செஞ்சது சீரு. அவளுக்குச் சேர வேண்டியது பங்கு. ரெண்டையும் எப்படிப் போட்டு கொழப்புவ? ஒரே வவுத்துல பொறந்தவதானே? ஊரு சிரிச்சா சிரிச்சிட்டுப் போவுது!"

அப்படி ஒரு நியாயத்தை அதற்கு முன்னால் நான் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. சர்ச் சாமியாரின் பிரசங்கம் தோற்றது. அண்ணி வாயைப் பிளந்துகொண்டு கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய குரல்காரர் விடவில்லை. விரலை நீட்டி என்னைக் காட்டினார். "இவ்ளோ பேசறியே, இதோ உன் தங்கச்சி குந்திகினு இருக்குது. நீ குடுத்துட்டியா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்த ஒரு கணத்தில் அவர் முகத்தில் மாட்டிக்கொண்ட திருடனும் இருந்தான், ஆற்றில் குதிக்கப் போகிறவனும் இருந்தான். குதித்துவிட்டார்.

"குடுத்துட்டேன்!" என்று கத்தினார். "கேட்டுப் பாரு! கவர்மென்ட்டு பேப்பர்லயே எழுதிக் குடுத்தாச்சு. பாதி அவளுது. என்னா பாப்பா, சொல்லு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாங்க. அண்ணன்தான் பட்டாவை எடுத்துக் குடுத்து எழுதிக்கச் சொன்னாரு" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை.

சொன்னதும் எனக்குத் தாங்கவில்லை. சிரிப்பு பீறிட்டு வந்தது. என் கணவருக்கு மோர் புரையேறியது. அண்ணி முந்தானையால் வாயை மூடினார், முடியவில்லை. கடைசியில் என் அண்ணனும் சிரித்துவிட்டார். தான் சொன்னதைத் தானே கேட்டு நின்ற மனிதனின் சிரிப்பு. எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அண்ணியின் அண்ணன் மனைவியும் சிரிக்க ஆரம்பித்தார். பெரிய குரல்காரர் மட்டும் கொஞ்ச நேரம் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவர் ஒப்புக்கொண்டுவிடவில்லை. யோசிக்கணும் என்றார். கோபமாகக்கூட இருந்தார். ஆனால் எங்களை வழியனுப்ப வந்தபோது அவர் மனைவி அண்ணியைத் தனியாக இழுத்து, "எங்க பொறந்த வூட்டுக்கும் இது செல்லுமா?" என்று கேட்டாராம். அண்ணி அதைப் பஸ்ஸில் சொன்னபோது என் அண்ணன், "ஆரம்பிச்சிட்டாங்கடா மாப்ள, இனிமே நிக்காது" என்றார்.

ஈஸ்டருக்கு முன்னால் பதில் வந்துவிட்டது. பெரிய குரல்காரரே சைக்கிளில் வந்து, சாலையோரத்துக் கொல்லையைத் தங்கச்சிக்குப் பிரித்துக் கொடுப்பதாகச் சொன்னார். பம்புசெட் தன்னிடமே இருக்கும், தண்ணீர் விடுவேன் என்றார். சரிபாதி இல்லைதான். அண்ணி அதற்கே சம்மதித்தார். "அண்ணன் மனசார வந்து குடுத்தாரு. கோர்ட்டுல வாங்கினா அப்பறம் அந்த வூட்டு மோர் எனக்குக் கெடைக்குமா?" என்று கேட்டார். அது அவருடைய நிலம், அவருடைய கணக்கு.

என் அண்ணன் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கவில்லை. வாங்கவும் முடியாது, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பண்ருட்டி தாலுகா ஆபீசுக்கு அவரே என்னைக் கூட்டிப்போனார். கூட்டுப் பட்டாவில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர் ஏறியது. கொல்லையை அவரே பார்த்துக்கொள்வது, விளைச்சலில் எனக்கு ஒரு பங்கு என்று பேசிக்கொண்டோம். வாங்கிய டீயை ஆற்றிக்கொண்டே, "அப்பாவுக்கு இது தெரிஞ்சிருந்தா அவரே எழுதி வெச்சிருப்பாரு பாப்பா. அவருக்கு நீன்னாதான் உசுரு" என்றார். நான் அவர் தோளில் தட்டினேன். வேறென்ன செய்வது, தாலுகா ஆபீஸ் வாசலில்.

அந்த வருடம் எங்கள் ஆபீசில் இன்னொன்றும் நடந்தது. விஷயம் கேள்விப்பட்டு டைப்பிஸ்ட் பெண்கள், ஆஸ்பத்திரி நர்சுகள், பள்ளிக்கூட டீச்சர்கள் என்று ஒவ்வொருவராக பர்சனல் பிரிவுக்கு வர ஆரம்பித்தார்கள். யாரும் ஆபீசர் இல்லை, யாரும் படிவம் கொடுக்க வேண்டியவர்கள் இல்லை. இந்துப் பெண்களுக்கு வேறு சட்டம், கல்யாணமான தேதியைப் பொறுத்து மாறும் என்று திருநீறு சார் பொறுமையாக விளக்குவார். சிலருக்கு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அவர் முகம் வாடிவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரம் அவருக்கு இல்லாமலே போயிற்று. "மேடம், நான் ஒரு கேள்விதான் கேட்டேன்" என்று என்னிடம் குறைபட்டுக்கொள்வார். குறை சொல்கிற முகமாக அது இருக்காது.

ஆடி மாதம் நல்ல மழை பெய்தது. அண்ணி தன் கொல்லையில் பலாக்கன்று நடப் போவதாகச் சொல்லி அனுப்பினார். குடையும் சோற்று மூட்டையுமாகப் போனோம். அண்ணியின் அண்ணன் குடும்பமும் வந்திருந்தது. அவரேதான் கடப்பாரை பிடித்துக் குழி எடுத்துக்கொண்டிருந்தார், மழையையும் மீறிய குரலில் எல்லோருக்கும் உத்தரவு போட்டபடி. என் மகள் சேறு பூசிக்கொண்டு கன்றுகளை எடுத்துக் கொடுத்தாள். அண்ணனும் என் கணவரும் வேலிக்கு முள் வெட்டப் போயிருந்தார்கள்.

வேலி இல்லாத பக்கமாக ஒரு மாடு உள்ளே வந்தது. புதிதாக நட்ட கன்றைப் பார்த்துத் தலையை நீட்டியது. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அண்ணி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினார்.

"யாரு மாடு இது?" சாலை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "யாரு மாடு எங் கொல்லையில?"

கத்திவிட்டு அப்படியே நின்றார். மாடு தானாகத் திரும்பிப் போய்விட்டது. அண்ணி எங்கள் பக்கம் திரும்பினார். மழைத் தண்ணீர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"கேட்டியா பாப்பா?" என்றார்.

"கேட்டுச்சு அண்ணி. முத்தாண்டிக்குப்பத்துக்கே கேட்டுச்சு" என்றேன்.